கப்பல் காசும் கப்பலண்டியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. "என்னப்பா, கப்பல்ல போனியே, அடுத்த வருஷத்துக்கும் அங்கேயே புக் பண்ணா காசு குடுக்கறாங்களாமே, உண்மையா?" என்று நண்பர்கள் ரெண்டு மூணு பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிப் போடுகிறேன். காசு குடுக்கிறார்கள் என்பது உண்மை. அது என்ன காசு என்பதுதான் கதை. அந்தக் கதை சியாட்டிலில் ஆரம்பித்து திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, சங்குமுகம் கடற்கரையில் முடிகிறது. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காரவும்.

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி. அப்பாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் பிறந்த 1945-ல் அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல் எல்லை மாறியபோது அவருக்குப் பதினொரு வயசு. ஊர் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது, ஆனால் வேலை அவரைத் திரும்ப மலையாளத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தது. 1968-ல் திருவனந்தபுரம் ஏ.ஜி. ஆபீசில் சேர்ந்தார். 2005-ல் ஓய்வு. முப்பத்தேழு வருஷம் அடுத்தவர் எழுதின கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதே வேலை. வீட்டுக்கு வந்தால் பால் கணக்கில் கண்டுபிடிப்பார். அப்பேர்ப்பட்டவரைத்தான் நான் கப்பலில் ஏற்றினேன்.

2023 ஜூன். விசிட்டர் விசாவில் அப்பாவும் அம்மாவும் கலிபோர்னியா வந்திருந்தார்கள். சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு ராத்திரி. ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன், கடைசியாக கனடாவில் விக்டோரியா. (விக்டோரியாவில் ராத்திரி நாலைந்து மணி நேரம்தான் நிறுத்தினார்கள். எதுக்கு இந்தக் கண்துடைப்பு என்று பார்த்தால், 1886-ம் வருஷத்துச் சட்டமாம். வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் அமெரிக்காவில் ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றாக வேண்டும். அப்பாவிடம் சொன்னதும், "அப்போ ரூல் இருக்கு. சரி" என்று திருப்தியாகிவிட்டார்.)

டிக்கெட் வாங்கும்போது ஏஜெண்ட் ஒரு கேபினுக்கு 150 டாலர் 'ஆன்போர்ட் கிரெடிட்' என்று போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். அப்பாவிடம், "கப்பல்காரன் உங்க கணக்குல 150 டாலர் போட்டிருக்கான்" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். அதுதான் தப்பு. 'உங்க கணக்குல' என்று அவரிடம் சொல்லலாமோ?

அப்பா அம்மா இருவரும் சைவம். அப்பா குடிக்க மாட்டார், சூதாட்டம் பக்கம் தலைவைக்க மாட்டார். அம்மாவுக்கு மசாஜ் என்றாலே பயம். சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி. டிப்ஸை நான் முன்னாடியே கட்டிவிட்டேன். அப்புறம் எதற்குத்தான் செலவழிப்பது? ஆறாம் நாள் ராத்திரி பார்த்தால் ஒரு போட்டோவும் ஒரு தடவை துணி துவைத்ததும் போக 110 டாலர் அப்படியே நிற்கிறது. அப்பா காலையில் வேட்டியை மடித்துக் கட்டி (ஆமாம், அலாஸ்காவில், மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய்) நேரே ரிசப்ஷனுக்குப் போய், "மீதிப் பணத்தைக் குடுத்துருங்க" என்று கேட்டிருக்கிறார்.

கவுண்டரில் இருந்த பையன் கொல்லத்துக்காரன். அப்பாவின் இங்கிலீஷைக் கேட்டதுமே மலையாளத்துக்கு மாறிவிட்டானாம். "இது காசல்ல சாறே, கூப்பணா."

அதோடு அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரிய இன்னும் ஒண்ணரை வருஷம் ஆச்சு.

விஷயம் இதுதான் மக்களே. ஆன்போர்ட் கிரெடிட்டில் ரெண்டு ஜாதி. ஒன்று, திருப்பித் தரக்கூடியது: செலவாகாத மிச்சம் கடைசி நாளில் உங்கள் கார்டுக்கோ கைக்கோ வரும். இன்னொன்று, திருப்பித் தராதது: கப்பலை விட்டு இறங்கும்போது அதுவும் கடலோடு போச்சு. சலுகையாக வருவதில் பெரும்பாலானது இந்த ரெண்டாவது ஜாதி. சீட்டில் ஒரு மூலையில் எழுதியிருப்பான், நாம் தொகையை மட்டும் பார்ப்போம். கேபினுக்கா ஆளுக்கா என்பதையும் பார்க்க மாட்டோம். ஆளுக்கு என்று போட்டிருந்தாலும் அநேகமாக முதல் ரெண்டு பேருக்குத்தான், மூணாவது கட்டிலில் படுக்கும் குழந்தைக்குக் கிடையாது. கேசினோவில் பெரும்பாலும் செல்லாது. டிப்ஸுக்குக் கழிப்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கழிக்கலாம் என்றால் நம்ம மாதிரி ஆட்களுக்கு அதுதான் உத்தமம்: டிப்ஸை முன்னாடியே கட்டாமல் கப்பலில் கணக்கில் ஏறவிட்டால், அந்தக் கிரெடிட் அதிலேயே கரைந்து, நிஜக் காசு மிச்சமாகும். நான் அவசரப்பட்டு முன்னாடியே கட்டியதால்தான் 110 டாலர் தொங்கிக்கொண்டு நின்றது.

கடைசி ராத்திரி தங்கமணியும் அம்மாவும் கப்பல் கடைக்கு ஓடினார்கள். நாகர்கோவிலில் இருக்கும் அக்கா பையனுக்குக் கரடி படம் போட்ட டிசர்ட் மூன்று. விலையைக் கேட்காதீர்கள். ரூமுக்கு வந்து அப்பா கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். 'மேட் இன் இந்தியா'. திருப்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு அலாஸ்கா வழியாகப் போகிற சட்டை! அன்றைக்கு ராத்திரி அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நிற்க. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே நான் இன்னொரு காரியமும் பண்ணிவிட்டேன். கப்பலில் ஒரு மேசை போட்டு, 'அடுத்த பயணத்தை இப்போதே பதியுங்கள்' என்று ஒரு அம்மணி உட்கார்ந்திருப்பார். கடல் காற்று, வயிறு நிறையச் சாப்பாடு, அப்பா அம்மா முகத்தில் சந்தோஷம். இந்த மூன்றும் சேர்ந்த நேரத்தில் மனுஷனுக்கு எதையும் விற்கலாம். 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரி, பினாங்கு, புக்கெட். "இனிமே என்னால இருவது மணி நேரம் பிளேன்ல இருக்க முடியாது மக்கா" என்று அப்பா சொல்லியிருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் இந்தப் பக்கமிருந்து வந்து சேர்ந்துகொள்வோம். அப்பாவுக்கு எண்பது முடிகிற வருஷம் வேறு. கணக்கு கச்சிதமாக இருந்தது.

அம்மணி கொடுத்த சீட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். மேலே கொட்டை எழுத்தில் 'ஆளுக்கு 399 முதல்'. அந்த 'முதல்' இருக்கிறதே, அது சன்னல் இல்லாத உள் அறைக்கு, ரெண்டு பேர் பகிர்ந்து படுத்தால். கடல் தெரியும் அறை ஆளுக்கு 540. துறைமுகக் கட்டணமும் வரியும் 120. டிப்ஸ் ஒரு நாளைக்கு 18 வீதம் நாலு நாளைக்கு 72. ஆக 732. கேபினுக்கு 1464. 399-ஐப் பார்த்துவிட்டு 732 கட்டுகிறோம், நடுவில் ஒரு பொய்யும் யாரும் சொல்லவில்லை. அதுதான் அழகு. (இப்போது கொஞ்சம் பரவாயில்லை. 2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்து, கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்றானதும், பெரிய கப்பல் கம்பெனிகள் அமெரிக்கா முழுக்கவே வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்த்து விலை போட ஆரம்பித்தன. டிப்ஸ் மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கிறது.)

கப்பலிலேயே பதிந்ததற்குக் கேபினுக்கு 100 டாலர் கிரெடிட். டெபாசிட் ஆளுக்கு 100. ரெண்டு கேபின், நாலு பேர், 400 டாலர். இதில்தான் அம்மணி ஒரு கேள்வி கேட்டார்: டெபாசிட் திரும்பி வரும் ரேட்டா, வராத ரேட்டா? திரும்பி வரும் ரேட் வேண்டுமானால் ஆளுக்கு 40 டாலர் கூட.

பக்கத்தில் அப்பா. "திரும்பி வர்றதையே எடு மக்கா."

"நாம போகத்தானே போறோம்ப்பா? எதுக்குத் தெண்டமா 160 டாலர்?"

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயசுக்காரர், ஒண்ணரை வருஷம் கழித்து வரப்போகிற தேதி. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலைமையில் அவரை வைத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த டெபாசிட் கப்பலுக்கே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய், கிளம்பும்போது வாசலில் அம்மா நிற்பதைப் பார்க்காமல் காரில் ஏறுகிற ஜாதிதானே நாமெல்லாம்? ஒரு தேதி குறித்துப் பணமும் கட்டிவிட்டால், அதுவரைக்கும் எல்லாரும் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு நினைப்பு. முட்டாள்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

2024 செப்டம்பரில் அதே கப்பல், அதே அறை, 455-க்குத் தள்ளுபடி என்று மெயில் வந்தது. ஏஜெண்டிடம் கேட்டேன். கடைசித் தவணை கட்டும் தேதிக்கு முன்னால் விலை குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இந்தத் தள்ளுபடியோடு பழைய 100 டாலர் கிரெடிட் சேராது என்றார். கேபினுக்கு 170 குறைகிறது, 100 போகிறது, ஆக லாபம் 70 என்று நான் கணக்குப் போட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "லாபம் 170" என்றார்.

"இல்லப்பா, கிரெடிட் நூறு போகுதுல்லா?"

"அந்த நூறுக்கு நீ என்ன வாங்குவே?"

"..."

"டிசர்ட்டா?"

மாற்றிக்கொண்டேன். இது மட்டும்தான் இந்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். ஏற்கெனவே புக் பண்ணியிருப்பவர்கள் விலையை அப்பப்போ எட்டிப் பாருங்கள். கம்பெனிக்காரன் கூப்பிட்டுச் சொல்ல மாட்டான். அதே மாதிரி, கப்பலில் பதிந்ததை உங்கள் ஏஜெண்ட் பேருக்கு மாற்றலாம். அதற்குக் கெடு உண்டு, தேதி தாண்டினால் முடியாது. ஏஜெண்ட் தன் கமிஷனிலிருந்து தருகிற கிரெடிட் வேறு, கப்பல்காரன் தருவது வேறு. ரெண்டும் சேருமா என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பங்குச் சந்தைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சேதி: கார்னிவல், ராயல் கரீபியன் ரெண்டும் 100 பங்கு வைத்திருப்பவர்களுக்குப் பயண நாட்களைப் பொறுத்து கிரெடிட் கொடுத்து வந்திருக்கின்றன. அதற்காகப் பங்கு வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் உங்கள் வீட்டு ஏ.ஜி. ஆபீஸிடம் கேட்டுவிட்டுக் கிளம்பவும் :-)

அக்டோபர் கடைசியில் போன். அக்கா. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்திருந்தார், அவ்வளவுதான், பேச்சில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாள், "அந்தக் கப்பல் பேப்பரை எடு" என்றார். கடைசித் தவணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பயணத்துக்கு 90 நாள் முன்னால் முழுப் பணமும் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் டெபாசிட்டோடு போகாது, தேதி நெருங்க நெருங்க கட்டணத்தில் பாதி, முக்கால் என்று வெட்டிக்கொண்டே போவார்கள்.

"அப்பா, டாக்டர் மூணு மாசத்துல பிரயாணம் போலாம்னுதானே சொல்றார்?"

"பிளேனுக்குச் சொன்னாரு. நடுக்கடல்ல என்ன செய்வே? இன்ஷூரன்ஸ் பாத்தியா?"

பார்த்திருந்தேன். எண்பதை ஒட்டின வயசு, புதுசாக ஒரு ஸ்டென்ட். ஏற்கெனவே இருக்கிற வியாதி என்று அதையே விலக்கிவிட்டுத்தான் பாலிசி தருவார்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், பில்லும் இருக்கும், அது அறைக் கணக்கில் ஏறும். படகிலோ ஹெலிகாப்டரிலோ கரைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அந்தச் செலவை இங்கே எழுதினால் உங்களுக்கும் நெஞ்சு வலிக்கும்.

அப்பா பழைய டைரித் தாளைக் கிழித்தார். "சரி, நான் வரல. அம்மையக் கூட்டிட்டுப் போ. அவளுக்கு ஆசை. கணக்குச் சொல்லு."

நான் சொல்லச் சொல்ல எழுதினார். அறையில் ஒருத்தர்தான் என்றாலும் ரெண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டும். 455 இரண்டு, 910. வரி, துறைமுகம் ஒருத்தருக்கு மட்டும் 120. டிப்ஸ் 72. ஆக 1102. ரெண்டு பேரும் போனால்? 910, 240, 144. ஆக 1294.

கோடு போட்டுக் கழித்தார். பேனாவை மூடினார்.

"அப்போ என் விலை 192 டாலர்தானா மக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுக்களையிலிருந்து அம்மா, "நான் ஒருத்தி மட்டும் அங்க போயி ஜன்னல் வழியா தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? இங்க கிணத்துல இல்லாத தண்ணியா?" என்று ஒரு சத்தம் போட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே ரெண்டு கேபினையும் ரத்து செய்தேன். 400 டாலர் போச்சு. 160 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 400. அப்பா அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது. டைரித் தாளை மட்டும் மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார். ஆடிட் பேப்பர் அல்லவா, கிழிக்கக் கூடாது.

நான் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், "கடல் பாக்கணும்னா கடலைக் காட்டு" என்றார். ஆட்டோ பிடித்து சங்குமுகம் போனோம். போகும் வழியில் வலியதுறையில் நிறுத்தச் சொன்னார். 1956-ல் கட்டின கடல்பாலம். அதற்கு முன்னாலிருந்த இரும்புப் பாலத்தை 1947-ல் ஒரு சரக்குக் கப்பல் வந்து இடித்துத் தகர்த்துவிட்டது. வேலைக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சைக்கிளில் இங்கே வந்துவிடுவாராம். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பாலத்திலிருந்து சரக்கைப் படகில் இறக்கி, படகு தள்ளாடிக்கொண்டு கப்பலுக்குப் போகும். "எங்க மாமா ஒருத்தர் மெட்ராஸ்ல ரஜூலா ஏறி சிங்கப்பூர் போனாரு. டெக்லதான் படுக்கை. கிரெடிட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்றார். அந்தக் கடல்பாலமும் 2024 மார்ச்சில் அலையடித்து ரெண்டாகப் பிளந்துவிட்டது. பக்கத்தில் போக விடவில்லை. கொஞ்ச நேரம் ஆட்டோவிலேயே உட்கார்ந்து பார்த்தார்.

சங்குமுகத்தில் இருட்டும்வரை இருந்தோம். தெற்கே தூரத்தில் கடலுக்குள் ரெண்டு வெளிச்சம். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகிற பெட்டிக் கப்பல்களாக இருக்கும். ஜூலையில்தான் அங்கே முதல் பெரிய கப்பல் வந்திருந்தது. சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. "பாத்தியா, இப்பவும் ஆழத்துலதான் நிக்கான்" என்றார் அப்பா.

கப்பலண்டிக்காரன் வந்தான். வெளியூர்க்காரர்களுக்கு: இந்த ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர், கப்பலில் வந்த கொட்டை. அம்மா ரெண்டு பொட்டலம் வாங்கினாள், நாற்பது ரூபாய். அப்பா ஐம்பது கொடுத்தார். அவன் பையைத் துழாவிவிட்டு, சில்லறை இல்லை, பத்து ரூபாய்க்கு ஒரு சின்னப் பொட்டலம் தரட்டுமா என்று மலையாளத்தில் கேட்டான்.

"வேண்டா" என்றார் அப்பா. "காசு மதி."

அவன் அடுத்த ஆளிடம் விற்றுவிட்டு வந்து பத்து ரூபாய் தரும்வரைக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு, மணலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.